கைக்கு ஏற்றது

கோட்டின் வலது கையைப் பைக்குள் விட்டபடி அவள் துப்பாக்கிக் கடைக்குள் வந்தாள். மொன்டானாக் குளிரில் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள்.

“திங்கட்கிழமை சுடுற டெஸ்ட். தேறலேன்னா என் வேலை எனக்கில்ல. குண்டு உள்ள சிக்காம சுடுற ஒன்பது எம்.எம். துப்பாக்கி காட்டுங்க.”

கடைக்காரன் டுவேன் ரோஸ் நிறக் குட்டித் துப்பாக்கி ஒன்றைத் திறந்து, குண்டு இல்லையென்று காட்டினான். “இந்தா கண்ணு. கைப்பையில அடங்கிடும்.”

“சின்னதுல ஸ்பிரிங் கெட்டி, இழுக்கக் கஷ்டம். அந்தக் கறுப்பை எடுங்க.”

“அது போலீஸ்காரங்க வாங்குறது. உன் கை தாங்காது.”

“என் கையைப் பத்தி எனக்குத் தெரியும்.”

எடுத்துக் கொடுத்தான். இடது கையால் வாங்கி, மேலே, பின்பக்கம் குறி பார்க்க நீட்டியிருக்கும் சிறு மேட்டைக் கட்டைவிரலால் தடவினாள்.

“இது சரிவா இருக்கு. நேரா வெட்டினது வேணும்.”

டுவேன் சிரித்தேவிட்டான். “அழகு பாக்குறியா? முதல்ல அந்தக் கைய வெளிய எடு. துப்பாக்கியோட மேல்பகுதிய ரெண்டு கையால இழுத்துப் பாக்கணும். எங்க கடைச் சட்டம்.”

மேடு நேராக வெட்டிய இன்னொன்றை அவளே சுட்டிக்காட்டிக் கையில் வாங்கினாள். குழாயைத் தரைக்குத் திருப்பி, அந்த மேட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, கீழே அழுத்தினாள். மேல்பகுதி சரேலென்று பின்வாங்கித் திரும்பியது. அந்த வேகத்தில் கோட்டின் வலது கை பையிலிருந்து நழுவித் தொங்கியது. உள்ளே கை இல்லை. விலகிய கோட்டுக்குள் பெல்ட்டில் துணை ஷெரீப் என்ற போலீஸ் வில்லை மின்னியது.

“கை போனதும் மேசை வேலை தர்றேன்னாங்க. ரோந்து வண்டிதான் ஓட்டுவேன்னுட்டேன். இதையே குடுங்க.”

“சரிங்க மேடம். துப்பாக்கி உறை... இடுப்புல எந்தப் பக்கத்துக்கு?” கேட்டபின் டுவேன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ரெண்டு பக்கத்துக்கும் காட்டுங்க,” என்றாள். “உங்க கடைச் சட்டமாச்சே.”