பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

"என் பேரை எடுத்தது யாரு, பாஸ்?"

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரியில் வரும்போதே புஷ்பவள்ளி பத்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் அது.

ஐயாத்துரை நிமிர்ந்தார். லெபோ பாசார் தெருவில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன டிசைன் ஆபீசின் முதலாளி. அவருக்கு எதிரே முகம்மது சுல்தான் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுல்தானின் நாசி கண்டார் கடைக்குத்தான் புஷ்பவள்ளி இணையப் பக்கம் செய்திருந்தாள். 1998இல் அந்தத் தெருவில் இணையப் பக்கம் வைத்திருந்த ஒரே சாப்பாட்டுக் கடை அது.

"எந்தப் பேரு?"

"இந்த அண்ணன் கடையோட இணையப் பக்கத்துல, கடைசி வரியில, 'வடிவமைப்பு: புஷ்பவள்ளி'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தேன். நேத்துப் பார்த்தா உங்க பேரு இருக்கு."

"கஸ்டமர் இருக்கார்லா. அப்புறம் பேசலாம்."

"அவர் இருக்கும்போதே பேசணும், பாஸ்."

அவள் சேர்ந்து அன்றோடு மூன்று மாதம். வேலை நிரந்தரம் என்ற கடிதம் கையெழுத்தாகி அந்த மேசைமேல்தான் இருந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. கெட்டிக்காரி என்று ஐயாத்துரையே பலமுறை சொல்லியிருக்கிறார். கடையில் ஆயிரக்கணக்கான வெள்ளி விலை சொன்ன மென்பொருளை, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளி நகல் சிடியாக வாங்கிவந்து முதல் வாரமே ஆபீஸ் கணினியில் போட்டவள் அவள்தான்.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவை ஒரு சைபர் கஃபேக்கு அழைத்துப் போயிருந்தாள். அம்மா ஜெயலெட்சுமிக்கு மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. மகள் பேர் உலகம் முழுக்கத் தெரியப்போகிறது என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிவிட்டு, சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். பக்கம் முழுசாகத் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரியில் விரல் வைத்தாள்.

"உன் பேரு 'பி'தானே? இது 'ஏ'ல ஆரம்பிக்குதேம்மா."

அடுத்த பஸ்ஸில் இருவரும் வீடு திரும்பினார்கள்.

"இங்க பாரு புஷ்பா," என்றார் ஐயாத்துரை. "கம்பெனி என்னுது. என் பேருதான் வெளிய போகும். மாசமானா சம்பளம் வாங்குறல்ல?"

"சம்பளம் வேலைக்கு. பேருக்கு இல்ல."

"எல்லாம் என் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே?"

"அப்ப கம்ப்யூட்டர் பேரைப் போடுங்க."

சுல்தான் சிரிப்பைத் தேநீரோடு விழுங்கினார்.

"சரி பாஸ், ஒரே ஒரு கேள்வி. அந்தப் பக்கத்துக்கு ஒரு பச்சை நிறம் போட்டிருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு?"

"இது ஒரு கேள்வியா? முஸ்லிம் கடை, பச்சை போட்ட. அவ்வளவுதான்."

"இல்ல. கடை வாசல்ல பதிச்சிருக்கிற பழைய தரை ஓட்டோட பச்சை அது. கலர் அட்டையை ஓட்டுப் பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"எங்க அத்தா பதிச்ச ஓடு," என்றார் சுல்தான். "இந்தத் தங்கச்சி தரையில உக்காந்திருந்ததைப் பார்த்துட்டு, காதுத் தோடு தொலைஞ்சிருச்சுன்னு நெனச்சு நாலு பேரு கூடச் சேர்ந்து தேடினாங்க. அப்புறம் மீன் தலையைப் போட்டோ எடுத்துச்சு பாருங்க, மீனுக்கே வெட்கம் வந்துருச்சு."

ஐயாத்துரை சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போய் வேலையைப் பாரு."

கடிதத்தின் தலைப்பில் தன் பெயரைப் பார்த்தாள். அங்கே மட்டும் சரியாக இருந்தது. அவள் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"பக்கத்துல என் பேரு இல்லைன்னா இது வேண்டாம், பாஸ். செபராங் ஜெயாவுல ஏதாவது ஆபீஸ்ல டைப் அடிச்சுக்கிறேன்."

"அப்ப என்னைத் திருடன்னு சொல்ற?"

"அடுத்தவங்க உருவாக்கினதை அவங்களைக் கேக்காம எடுத்துக்கிட்டா, அதை வேற எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

ஐயாத்துரை சுல்தானைப் பார்த்தார். சுல்தான் காலிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு. உன் பேரையே போட்டுத் தொலை."

"இப்பவே போடுறேன், பாஸ்."

"போடுலா, போடு."

அவள் தன் இடத்துக்கு வந்து கணினியைத் தட்டினாள். இன்றைக்கும் அம்மாவை அழைத்துப் போக வேண்டும். 'பி'யில் ஆரம்பிப்பதைக் காட்ட வேண்டும்.

"நானும் பார்க்கிறேன். என் கடைப் பக்கம்லா," என்று சுல்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பத்து வெள்ளி மென்பொருள் திறந்தது. தினமும் காலையில் வந்து போகும் வெள்ளைப் பெட்டி திரையின் நடுவில் வந்தது. 'இதன் உரிமையாளர்: ராபர்ட் கெல்லர்.' மூன்று மாதமாக அவள் கண் அதைத் தாண்டியே போயிருந்தது. பழைய கணினி. பெட்டி சீக்கிரம் மறையவில்லை.

சுல்தான் முன்னால் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யாரோ ராபர்ட் கெல்லரோடதுன்னுல்ல போட்டிருக்கு. அவரைக் கேட்டுட்டுத்தானே எடுத்த, தங்கச்சி?"