லாபம், ரெண்டு, மூணு

"லாபம்… ரெண்டு… மூணு…"

தண்ணீர் லாரியின் குழாயைப் பிடித்தபடி லிங்கம் குடங்களை எண்ணினார். சாலை பஜாரில் அரிசி அளக்கிறவர்; சந்துக்கு லாரி வந்தால் தண்ணீரைப் பங்கிடுவதும் அவர்தான். 'ஒண்ணு' என்பது அவர் வாயில் வராது. அளக்கிறவர்கள் வழக்கப்படி 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒன்பதில் நிறுத்தினார். "அடுத்த வீடு வாங்க."

"நில்லும் வே!" என்றார் அக்கவுண்டன்ட் அழகியநம்பி. பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார்.

"லாரி மூவாயிரம் லிட்டர். குடம் பதினஞ்சு லிட்டர். வகுத்தா இருநூறு குடம். சந்துல லாரித் தண்ணி பிடிக்கறது இருபது வீடு. அப்போ வீட்டுக்குப் பத்து. நீர் குடுக்கறது ஒன்பது. ஒன்பதை இருபதால பெருக்கினா நூத்தியெண்பது. பாக்கி இருபது குடம் எங்கே?"

வரிசையில் நின்ற மாடம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லிங்கம் கண்ணாலேயே தடுத்தார்.

"சிந்திப் போவும் சார்."

"தினமும் கரெக்டா இருபது குடம் சிந்துமோ? முதல் குடத்துக்கு லாபம்னு பேர் வச்சது சும்மாவா? எனக்கொண்ணும் குறைவில்லே, கேட்டீரா? பைப்புல வந்து எங்க வீட்டுத் தொட்டி நிறைஞ்சுதான் கிடக்கு. மத்தவங்க வயித்துல அடிக்கலாமா?"

லிங்கத்தின் முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்த வீட்டுக் குடத்தைக் குழாயடியில் இழுத்து வைத்தார்.

ஆபீஸுக்குக் கிளம்பிய அழகியநம்பிக்கு அந்த இருபது குடம் மண்டையைக் குடைந்தது. பஸ் ஸ்டாப் வரை போனவர், திரும்பி வந்துவிட்டார்.

லாரியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பிடித்து, லிங்கமும் மாடம்மாளும் ஆளுக்கொரு குடத்தோடு பின்சந்துக்குள் நுழைந்தார்கள். அழகியநம்பி சத்தமில்லாமல் பின்னாலேயே போனார். இடது பக்கம் திரும்பினார்கள். மறுபடியும் இடது பக்கம்.

ஒரு பின்கதவு திறந்தது. இருபது நாள் குழந்தையைத் தோளில் போட்டபடி அழகியநம்பியின் மனைவி மங்கலம் நின்றாள்.

"பைப்புல தண்ணி நின்னு ஒரு மாசமாச்சுன்னு இன்னைக்கு அவர்கிட்ட சொல்லிடறேன் அண்ணே. தெருவுல வச்சு உங்களை அப்படிக் கேட்டுட்டாரே!"

"வேண்டாம் தாயி. தெரிஞ்சா சார் வீம்புக்கு வேண்டாம்னுருவாரு. பிள்ளைத் துணி அலசணும்லா? வீட்டுக்கு ஒரு குடம், ஆருக்கும் பாரமில்ல."

மதிலோரம் நின்ற அழகியநம்பியை வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே லிங்கத்தின் குரல்:

"லாபம்…"