பாலிஷ் மூடி

காலையில் எழுகிறேன், பல் துலக்குகிறேன், ஒரு டம்ளர் காபி போடுகிறேன். எட்டு மணிக்கு அபிதா சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என் மனைவி ஷெரினோடு தொல்லியல் ஆய்வு செய்தவள். கையில் துளைபோடும் மெஷின் போன்ற எக்ஸ்ரே கருவி; ஒரு பொருள் எதனால் ஆனது என்று காட்டும். மேகமலைச் சரிவில் ஷெரின் எடுத்த கறுப்புச் சில்லை மேசைமேல் வைக்கிறேன். ஜன்னல் வெயில் அதன் மெல்லிய ஓரத்தில் நுழைந்து புகைநிறமாய்க் கசிகிறது. வெளியே மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. எரிமலைக் கண்ணாடிக்கல் இந்த மலைகளில் கிடையாது; வேறேதோ மலையிலிருந்து யாரோ நடந்து கொண்டுவந்தது என்பாள் ஷெரின். "பீர் பாட்டில் சில்லுன்னு அக்காவ எல்லாரும் கிண்டல் பண்ணுனாகல்ல, இன்னைக்குப் பாப்போம்" என்கிற அபிதா, சில்லைத் திருப்பியதும் தயங்குகிறாள். தட்டையாக இருக்கும் ஒரே பக்கத்தில், கல்லில் மை படாதிருக்க நகப்பாலிஷ் தடவி, அதன்மேல் நீல மையில் பொடியாகப் பதிவு எண் எழுதியிருக்கிறாள் ஷெரின். "இத அழிச்சாத்தான் சரியாக் காட்டும்ணே. போட்டோ எடுத்துட்டேன்." "அழிம்மா" என்கிறேன். ஷெரினின் கையெழுத்து பஞ்சில் நீலமாய்க் கரைகிறது. கருவி கொசுபோல் முனகுகிறது. "பாட்டில் இல்லண்ணே, கல்லுதான். எந்த மலைன்னு இனி ஒப்பிட்டுப் பாக்கணும்." எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். அலமாரியிலிருந்து ஷெரினின் பாலிஷ் குப்பியை எடுத்துத் திறக்கிறேன். அவள் இறந்து ஏழு மாதம். பாலிஷ் இன்னும் இளகியே இருக்கிறது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் கடைசியாகச் சொன்னது, "அந்தப் பாலிஷ் மூடிய இறுக்கி மூடுங்க, காஞ்சுரும்."