ஸ்வீடன் வண்டி

கேட்டில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் பார்த்ததும் ஸ்விலெனுக்கு மனசு லேசானது. மழையில் ஊறிப் படம் கரைந்திருந்தது, குடும்பப் பெயர் மட்டும்தான் தெரிந்தது. வண்டிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால்தான் விற்கிறார்கள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

வாசலில் நின்ற வீட்டுக்காரி நெவேனாவும் கறுப்பு உடைதான் போட்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"கடவுள் அவர மன்னிக்கட்டும்க்கா" என்றான், இழவு வீட்டில் எல்லோரும் சொல்வதைப் போல.

"நன்றி தம்பி. வண்டி பின்னாடி இருக்கு, வாங்க."

கொட்டகையிலிருந்து அவள் தார்ப்பாயை இழுத்ததும் அவனுக்கு மூச்சு நின்று வந்தது. ஸ்வீடனில் செய்த ஐந்நூறு சிசி டூ-ஸ்ட்ரோக், மண் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. பல்கேரியா முழுக்கத் தேடினாலும் மூன்று தேறாது. கைப்பிடி ஓரத்தில் இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பட்டன் புதுசாகப் பளபளத்தது.

விளம்பரம் பார்த்த நாளிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. இன்றைக்கு இதை வேறு எவனாவது ஏற்றிக்கொண்டு போய்விட்டால் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் முகத்தில் எதையும் காட்டாமல் உதட்டைப் பிதுக்கினான்.

"கட்டி மேய்க்கிறது கஷ்டம்க்கா. பிஸ்டன் வளையம் ஒண்ணு வேணும்னாலும் ஸ்வீடன்லேருந்து வர மூணு மாசம். எட்டாயிரம் லெவா ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா விட்டுடுங்க. பன்னெண்டு மணிக்கு பிளோவ்திவ்லேருந்து ஒருத்தர் வர்றார்."

அவன் அவசரமாகக் கையசைத்தான். "இல்லல்ல, எட்டாயிரமே இருக்கட்டும். இதுக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?"

"நாலு பேர். ஓட்டியும் பாத்தாங்க. எனக்குத்தான் குடுக்க மனசு வரல." அவள் டேங்க்கைத் துணியால் துடைத்தாள். "இத ஒரு தடவ ஓட்டினவன் மறுபடி தேடி வராம இருக்க மாட்டான்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். நீங்க ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க, பாப்போம். பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தியிருக்கேன்."

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"ஒழுங்கா ஓடினது போன அக்டோபர்ல. பாத்து மிதிங்க தம்பி, ரெண்டாவதா வந்தவர கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்கால் வீங்கிப்போச்சு."

ஸ்விலென் வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தான். கார்புரேட்டரிலிருந்து இரண்டு சொட்டு பெட்ரோல் வடிந்ததும் நிமிர்த்தினான். கிக்கரை மெதுவாக அழுத்தி, பிஸ்டன் மேலே முட்டி நிற்கும் இடம் வரை கொண்டுபோனான்.

முதல் மிதிக்கு ஒரு செருமல். இரண்டாவதில் கிக்கர் திருப்பி அடிக்க, பூட்ஸுக்குள் பாதம் விண்ணென்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். நெவேனா இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு அவனைப் பதற வைத்தது.

மூன்றாவது மிதிக்கு இன்ஜின் வெடித்துக் கிளம்பியது. நீலப் புகை கொட்டகையை நிறைக்க, கோழிகள் சிதறி ஓடின. அவன் ஏறி உட்கார்ந்து முற்றத்தை இரண்டு சுற்று சுற்றினான். நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

அவள் முன்னால் வந்ததும் இரண்டு பிரேக்கையும் இறுக்கி, கியரில் வைத்தபடியே கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பழகின கை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

நெவேனா நேராகப் போய் கேட்டைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிவிட்டு வந்தாள்.

"என்னக்கா, பிளோவ்திவ்காரர் வருவாரே?"

"அவர வர வேணாம்னு சொல்லிடறேன். நாங்க தேடின ஆள் நீங்கதான்."

ஸ்விலெனுக்கு வாய் காது வரைக்கும் போனது. உள்பையிலிருந்த பணக்கட்டை எடுக்கக் கையை விட்டான்.

"திஹோமிர், கொஞ்சம் வெளிய வாங்க" என்று அவள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

டொக், டொக் என்று படியில் சத்தம் கேட்டது. இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஓர் ஆள் இறங்கி வந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே விறைத்துத் தொங்கியது.

"என் வீட்டுக்காரர்" என்றாள் நெவேனா.

ஸ்விலெனின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "அப்ப கேட்டுல ஒட்டியிருக்கிறது..."

"எங்க அப்பா. தொண்ணூத்தொண்ணு வயசு" என்றார் திஹோமிர்.

நெவேனா சிவப்புப் பட்டனை விரலால் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் வண்டிய நிறுத்த இதத்தான் அமுக்கினாங்க. நிக்கலன்னதும் முழிச்சாங்க. நீங்க மட்டும் இதத் தொடவே இல்ல."

"பந்தயத்துல தண்ணி பட்டா இதுதான் முதல்ல காலை வாரும். பழைய ஆளுங்க நாங்க யாரும் இத வச்சுக்க மாட்டோம். வாங்கின புதுசுலயே நான்தான் ஒயர வெட்டி விட்டேன், பாத்தா தெரியாது" என்றார் திஹோமிர்.

ஸ்விலென் பூட்டின கேட்டைப் பார்த்தான்.

திஹோமிர் கட்டையை ஊன்றி இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

"போன அக்டோபர்ல இதத் திருடிட்டுப் போறப்ப என் காலு மேல ஏத்தி, வண்டிய இங்கேயே போட்டுட்டு ஓடினியே, அப்ப ஹெல்மெட்டுக்குள்ளேருந்து கத்திக்கிட்டே நீயும் இந்தப் பட்டனத்தானே தம்பி அமுக்கி அமுக்கிப் பாத்த?"