ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள்

கல் அறுக்கும் பட்டறையில், மேசைமேல் ஒரு படிகக் கல் கிடந்தது. அதில் ஒரு பாதி ஊதா, மறு பாதி மஞ்சள். பூமிக்குள் இருந்த காலத்திலிருந்தே இரண்டுக்கும் ஓயாத சண்டை.

"இவ பக்கத்துல இருந்தா என் நிறம் எடுபடவே மாட்டேங்குது," என்றது ஊதா.

"நான் வெயில் மாதிரி இருக்கேன். நீதான் வதங்கின கத்தரிக்கா," என்றது மஞ்சள்.

கடைசியில் இரண்டும் ரம்பத்தைக் கூப்பிட்டன. "எங்களைத் தனித்தனியா அறுத்து விட்டுடு!"

"அதுக்கென்ன, அறுத்துட்டாப் போச்சு," என்றது ரம்பம். "ஊதா அந்த டப்பாவுக்கு, மஞ்சள் இந்த டப்பாவுக்கு."

இரண்டும் எட்டிப் பார்த்தன. ஒரு டப்பா நிறைய ஊதாக் கற்கள், இன்னொன்று நிறைய மஞ்சள் கற்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ரம்பம் சுழலத் தொடங்கியது.

"கொஞ்சம் இரு," என்றது ஊதா.

"என்ன, பயமா?" என்றது ரம்பம்.

"எனக்கென்ன பயம்? அந்தக் கூட்டத்துல இவ எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"வேணாம், நிறுத்திடு," என்றது மஞ்சள். ரம்பம் மெல்ல நின்றது.

இப்போது அந்தக் கல் முழுசாக ஒரு மோதிரத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு நிறமா என்று பார்ப்பவர்களெல்லாம் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

"என்னைத்தான் பார்க்கிறாங்க," என்கிறது மஞ்சள்.

"பார்க்க மாட்டாங்களா பின்னே? பக்கத்துல நான் இருக்கேன்ல," என்கிறது ஊதா.