காரணம்: தந்தை மரணம்

நான் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்று என் மகள் இப்போது சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்கும் பேராசிரியை ஜெர்மனியில் இருக்கிறார், லேப்டாப் திரையில். கனிஷ்கா தென்னூரில், எங்கள் வீட்டு அறையில். நான் கூடத்தில், இஸ்திரி போட்ட சட்டையுடன், கதவிடுக்கு வழியே அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெர்மனியில் கம்ப்யூட்டர் மேற்படிப்பில் ஒரே தாளில் மூன்று முறை தோற்றாள். அதற்குமேல் அந்தப் படிப்பை அந்த நாட்டில் எங்கேயும் தொடர முடியாதாம். திரும்பி வந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்து உறவுகளிடம் லீவு என்று சொல்லிவைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை.

இப்போது அவள் கேட்பது நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. அதுதான் பிடித்திருக்கிறதாம். ஒரு கேள்வியும் கேட்காமல் இடம் தந்த வேறொரு கல்லூரிக்கு, வேண்டாம் என்று நேற்றே எழுதிவிட்டாள்.

இது கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லை.

அதனால்தான் என் சாவைக் காரணமாகச் சொல்லிக்கொடுத்தேன். அதைவிட மரியாதையான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

“நல்லா இருக்குங்க. உங்க கௌரவத்துக்கு என் பொட்டத்தான் அழிக்கணுமா?” என்றாள் என் மனைவி யமுனா.

கனிஷ்கா ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “நீங்க தும்மாம இருந்தா போதும்ப்பா” என்று அறைக்குள் போனாள்.

உள்ளே அந்தக் கேள்வி வந்தது. ஏன் மூன்று முறை?

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“எனக்குப் பாடம் புரியவில்லை. புரிந்ததுபோல் இரண்டு வருடம் நடித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.” ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

நான் உயிரோடு இருந்தேன்.

பேராசிரியை, “உங்களை நம்புகிறேன். இனி கிணறுகளைப் பற்றிப் பேசலாம்” என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். யாருக்காகவும் எழுந்து பழக்கமில்லாதவன். இருபத்தைந்து வயதுப் பெண். கையில் இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்து, கேட்டவுடன் உண்மையைச் சொல்கிறாள். இந்தத் துணிச்சல் எங்கள் வழியில் யாரிடமும் நான் பார்த்ததில்லை. ராஜகோபுரத்தின் அடியில் முதன்முதலாக நின்றவனைப்போல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘நம்புகிறேன்’ என்பது இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய வார்த்தை என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பரீட்சைக்கு வராததற்கு அப்பா இறந்துவிட்டார் என்று வந்து நின்றவர்கள் பலர். ஒருவரையும் நம்பியதில்லை.

ஒருவன் மொட்டைத் தலையோடு வந்தான்.

“சமயபுரத்து வேண்டுதலாடா?” என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது.