எட்டா, பதினாறா?

“ரேம் எட்டு ஜிபியா, பதினாறா சார்?” கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் மெக்கானிக்.

“எது போட்டா வீடியோ கால் கட் ஆகாது?” என்றார் பெரியவர்.

“எட்டே தாராளம். பதினாறு தண்டச் செலவு.”

“பதினாறே போடு தம்பி. ‘உங்க கம்ப்யூட்டர்ல மெமரி பத்தல, அதான் கட் ஆகுது’ன்னு சின்ன மகன் சொல்றான். என் வீட்டுக்காரி அவன்கூடத்தான் இருக்கா. இனிமே அவன் ஒரு குறையும் சொல்லக் கூடாது.”

“பழைய ரேமும் இதும் ஒத்துப்போகாது சார்.”

“அப்போ பிரிச்சுட வேண்டியதுதானே?”

மேலே யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

“மாடியில தொல்லை ஜாஸ்தியோ?” என்றார் மெக்கானிக்.

“இல்ல. நடக்கட்டும்.”

பழையதைக் கழற்றிவிட்டுப் பதினாறைச் செருகினார் மெக்கானிக். பெரியவர் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து அழைத்தார். திரையில் மனைவி பளிச்சென்று தெரிந்தாள்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன். நீங்க சாப்…”

திரை கறுத்தது.

மெக்கானிக் எல்லாவற்றையும் சோதித்தார். “இங்க எல்லாம் சரியா இருக்கு சார். அந்தப் பக்கம்தான் யாரோ கட் பண்றாங்க. எந்த நாட்டுல இருக்காங்க?”

“மாடியில.”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

“படியை மறிச்சு சுவர் எழுப்பிட்டாங்க தம்பி. பாகம் பிரிச்சப்போ கீழ்வீடும் நானும் மூத்தவனுக்கு. மேல்வீடும் அவளும் சின்னவனுக்கு.”